இருபதாயிரம் ரூபாய் ஷூ மலையில் ஓடுமா?

#1 குன்னூர் காலடி
வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 3 மணி 45 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை. இப்போது காலில் இருப்பது சாதாரண ஈவிஏ நுரை ஷூ, ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே. எங்கள் குழுவில் இரண்டு பேர் அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஷூவுக்கு மாறிவிட்டார்கள். "வாங்கு, பத்து நிமிடம் தானாகக் குறையும்" என்று தினமும் அரிக்கிறார்கள். விலை இருபதாயிரத்துக்கு மேல்.

பயிற்சி முழுக்க இங்கேதான். வார நாளில் சிம்ஸ் பூங்காவிலிருந்து லாம்ஸ் ராக் பக்கம், ஞாயிற்றுக்கிழமை வெலிங்டன், அருவங்காடு வழியாகக் கேத்தி வரை. ஒரு கிலோமீட்டர் தொடர்ந்து சமதளம் கிடைப்பதே அபூர்வம். இந்த ஷூ மலையில் உதவுமா, இல்லை சென்னையில் ஓடும் ஒரு காலைக்காகத்தான் இவ்வளவு காசா? வாங்கியவர்களும் சொல்லுங்கள், வாங்காதவர்களும் சொல்லுங்கள்.

#2 ஹட்டிப் பையன்
வேண்டாம் அண்ணா. பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு ஜோடிக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் இலை கொடுக்க வேண்டும். அதுவும் பறிப்புக் கூலி, உரம் எதையும் கழிக்காமல். தோட்டத்தையே காலில் கட்டிக்கொண்டு ஓடுவதா?

#3 அருவங்காடு 42.2
வாங்குங்கள். நான் வாங்கிவிட்டேன், கோவையில் அரை மாரத்தானும் ஓடிவிட்டேன். போன முறையைவிட ஆறு நிமிடம் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம் மறுநாள் காலை. எப்போதும் பந்தயத்துக்கு மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவேன். இந்த முறை ஒன்றுமே நடக்காத மாதிரி ஷிஃப்டுக்குப் போனேன். கால் அடி வாங்குவது அவ்வளவு குறைகிறது. இதை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

#4 வெலிங்டன் ஓய்வு
நான் பட்டாளத்தில் ஓடியவன். எங்களுக்குக் கொடுத்தது பழுப்பு நிறக் கான்வாஸ் ஷூ. அதில் இந்த வெலிங்டன் மேடு பள்ளம் எல்லாம் முதுகில் பையோடு ஓடினோம். அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தான் ஜெயித்தார். நம் ஷிவ்நாத் சிங் பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடியவர். 1978ல் ஜலந்தரில் 2:12:00. அந்த தேசிய சாதனை நாற்பது ஆண்டுக்கு மேல் அசையவில்லை. 2019ல் சியோலில் டி. கோபி நன்றாக ஓடியும் 2:13:39தான். அதற்குள் இந்த மாய ஷூ எல்லாம் கடைக்கு வந்துவிட்டது. கால்தான் ஓட வேண்டும் தம்பி.

#5 கேத்தி பாலிமர்
ஐயா, பிகிலா 1964ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2:12:11 ஓடினார். வெறுங்காலைவிட மூன்று நிமிடம் குறைவு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசு.

நான் கேத்திக்காரன், இப்போது கோவையில் பிளாஸ்டிக் துறையில் வேலை. எல்லோரும் கார்பன், கார்பன் என்கிறார்கள். நாம் காசு கொடுப்பது முக்கியமாகக் கார்பனுக்கு இல்லை, நுரைக்கு.

2017ல் நைக்கியின் தகடு வைத்த ஷூ, வேப்பர்ஃப்ளை, வந்தது. கடைக்கு வருவதற்கு முன்பே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 ஓட்டக்காரர்களை வைத்து அதைச் சோதித்தார்கள் (செலவில் நைக்கிக்கும் பங்கு உண்டு, அதையும் மனதில் வையுங்கள்). இயந்திரத்தில் அமுக்கிவிட்டுப் பார்த்தால், வாங்கிய ஆற்றலில் 87 சதவீதத்தை அந்த ஷூ திருப்பிக் கொடுத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்த அடிடாஸ் ஷூ 76 சதவீதம் அளவில், நைக்கியின் பழைய பந்தய ஷூ 66 அளவில். அதே வேகத்தை ஓட சராசரியாக 4 சதவீதம் குறைவான ஆற்றல் போதுமாக இருந்தது. அந்த 4 சதவீதத்தை ஷூவின் பெயரோடேயே ஒட்டி விற்றார்கள்.

அந்த நுரை பெபா என்ற வகை. பிரான்சின் ஆர்க்கெமா நிறுவனம் பெபாக்ஸ் என்ற பெயரில் அதன் மூலப்பொருளைச் செய்கிறது. அதில் சில ரகங்கள் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருபவை. உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு விளைவது இந்தியாவில்தான், அதுவும் குஜராத்தில். (விளக்கெண்ணெய் குடித்துவிட்டு ஓடியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு, ஆனால் அது வேறு ஓட்டம்.) எடை குறைவு, மிருதுவும் அதிகம், அமுங்கிய வேகத்தில் திரும்பவும் எழும்பும். ஈவிஏ இந்த அளவுக்கு எழும்பாது.

தகடு என்ன செய்கிறது? 2022ல் வெளியான ஒரு ஆய்வில் அதே ஷூவின் தகட்டைக் குறுக்கே ஆறு இடத்தில் அறுத்துவிட்டு ஓட வைத்தார்கள். பெரிய வித்தியாசமே இல்லை. தடிமனான மெத்து நுரை தள்ளாடாமல் இருக்கவும், விரல் மூட்டு அதிகம் மடங்காமல் இருக்கவும் தகடு உதவுகிறது என்பது வரை சரி. ஸ்பிரிங் மாதிரி தூக்கி எறிகிறது என்பது விளம்பரம்.

#6 குன்னூர் காலடி
நன்றி சார். அந்தப் பதினெட்டுப் பேர் எந்த வேகத்தில் ஓடினார்கள்? நான் போக நினைப்பது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 விநாடி.

#7 கேத்தி பாலிமர்
இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

அவர்கள் ஓடியது மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டரில். 18 என்றால் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 விநாடி. உங்களுடையது மணிக்கு 11 கிலோமீட்டர் சொச்சம். மெதுவாக ஓடுபவர்களுக்காகத் தனியாக ஒரு ஆய்வு 2023ல் வந்தது. மணிக்கு 12 கிலோமீட்டரில் சராசரி ஆதாயம் 1.4 சதவீதம், 10 கிலோமீட்டரில் 0.9 சதவீதம். சிலருக்கு ஆதாயமே இல்லை.

ஆற்றல் மிச்சம் அப்படியே நேரமாக மாறும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 3:45க்கு 0.9 சதவீதம் என்பது இரண்டு நிமிடம். 1.4 என்றால் மூன்று நிமிடம் சொச்சம். பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? நிமிடத்துக்கு ஏழாயிரம், பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. விலை அதுதான் என்று தெரிந்து வாங்குங்கள்.

#8 அருவங்காடு 42.2
> பத்து நிமிடம் எங்கிருந்து வரும்?

எனக்கு 21 கிலோமீட்டரிலேயே ஆறு நிமிடம் வந்ததே சார். பேப்பரில் வரும் சராசரியை வைத்துக்கொண்டு என் காலுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

#9 கேத்தி பாலிமர்
முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். கென்யாவின் முதல்தர ஓட்டக்காரர்களை வைத்து 2023ல் வந்த ஆய்வில், ஒருவருக்கு 11 சதவீதத்துக்கு மேல் ஆதாயம், இன்னொருவருக்கு அதே ஷூக்களில் 11 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். உங்கள் கால் ஆதாயம் பார்க்கும் காலாக இருக்கலாம். ஆனால் அதே பருவத்தில் நீங்கள் எடையும் குறைத்தீர்கள், கோவைக்கு முன்னால் வாரா வாரம் நீண்ட ஓட்டமும் போனீர்கள். இந்தத் தளத்தில் நீங்களே எழுதியதுதான். ஆறு நிமிடத்தையும் ஷூ பெயரிலேயே எழுதினால் உங்கள் உழைப்புக்கு என்ன மிச்சம்?

#10 கொடை ஏரிச்சுற்று
பழனி மலையிலிருந்து ஒரு குரல். என்னிடம் தகடு வைத்த ஷூ ஒன்று இருக்கிறது, பிராண்ட் பெயர் வேண்டாம். கொடைக்கானலில் அதைப் போட இரண்டே இடம்: ஏரியைச் சுற்றிய சாலை, கொஞ்சம் கோல்ஃப் மைதானப் பக்கம். ஏரிச் சுற்று ஐந்து கிலோமீட்டர் அளவு, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. குதிரைச் சாணத்தையும் சைக்கிள் வாடகைக்கு எடுத்த சுற்றுலாக்காரர்களையும் தாண்டிவிட்டால் அருமையாக ஓடலாம். அங்கே இந்த ஷூ பறக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் ஆசைப்பட்டுப் பூம்பாறை இறக்கத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். முந்தின இரவு மழை. ரோட்டில் யூகலிப்டஸ் இலை ஒட்டிக் கிடந்தது, ஓரத்தில் பாசி. எடை குறைய வேண்டும் என்று அடியில் ரப்பரை ஆங்காங்கே மட்டும் ஒட்டியிருக்கிறார்கள், மற்ற இடம் வெறும் நுரை. வளைவில் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாய, உயரமான அடிப்பாகம் இன்னொரு பக்கம் வழுக்க, கணுக்கால் பிசகிவிட்டது. மிச்ச தூரம் காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பில்தான் திரும்பினேன். நாற்பது மில்லிமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குவது ஓட்டமே இல்லை, சர்க்கஸ்.

பெண்களுக்கு இன்னொரு தலைவலி. இந்தப் பந்தய ஷூக்களில் பல ஆண் பெண் இருவருக்கும் ஒரே அளவு வரிசையில் வருகின்றன. சின்ன அளவு இங்கே கடையில் கிடைப்பதே இல்லை. ஆன்லைனில் தைரியமாக வாங்கிப் பொருந்தாமல் திருப்பி அனுப்பினால், மலைக்கு வந்து எடுத்துப் போக ஆள் வருவதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடுகிறது.

#11 லவ்டேல் இறக்கம்
கொடை அக்கா சொல்வது முழுக்க நியாயம். மலையில் எவ்வளவு ஆதாயம் என்பதற்கு அளவும் இருக்கிறது. வேப்பர்ஃப்ளையை வைத்து மூன்று டிகிரி ஏற்றம், மூன்று டிகிரி இறக்கம், சமதளம் மூன்றிலும் ஓட வைத்துப் பார்த்திருக்கிறார்கள், மணிக்கு 13 கிலோமீட்டரில். சமதளத்தில் 3.8 சதவீதம் மிச்சம். ஏற்றத்தில் 2.8, இறக்கத்தில் 2.7. ஏறும்போது கால் நிலத்தில் அடிக்கும் வேகமே குறைவு, அதனால் நுரை அமுங்குவதும் குறைவு, திருப்பிக் கொடுப்பதற்கும் குறைவாகத்தான் இருக்கிறது. உடம்பைத் தூக்குகிற வேலையை எந்த நுரையும் நமக்காகச் செய்யாது.

மூன்று டிகிரி என்றால் ஏறக்குறைய 19க்கு 1. நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் பிடித்து ஏறும் செங்குத்து 12க்கு 1. எஸ்டேட் ரோடுகளில் அதைவிட மோசமான மேடும் உண்டு. அங்கே என்ன ஆதாயம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, ஆனால் கூடும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

#12 ஹட்டிப் பையன்
எதிரே காட்டெருமை வந்தால் மட்டும் 4 சதவீதம் உடனே கிடைக்கும். ஷூ தேவையில்லை.

#13 கோத்தகிரி பி.டி.
நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். நீங்கள் எல்லாம் நிமிடக் கணக்கு போடுகிறீர்கள், என் கவலை வேறு.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பள்ளிக்குப் போடும் ஷூதான் ஓடவும் ஷூ. சிலர் குறுவட்டப் போட்டியில் வெறுங்காலோடு 1500 மீட்டர் ஓடுகிறார்கள். கோடநாடு ரோட்டில் மூடுபனியில் தினமும் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள், நுரையீரல் பற்றிக் கேட்கவே வேண்டாம். போன வருடம் ஒரு சாலை ஓட்டப் பந்தயத்தில் என் மாணவி கடைசி இருநூறு மீட்டர் வரை முன்னால் இருந்தாள். ஜெயித்த பெண் காலில் இருபதாயிரம் ரூபாய் ஷூ. ஜெயித்தவள் நன்றாக ஓடவில்லை என்று சொல்லவில்லை, அவளும் உழைத்தவள்தான். ஆனால் இரண்டு விநாடி வித்தியாசம். அந்த இரண்டு விநாடி யாருடையது என்று என் மாணவிக்கு நான் எப்படி விளக்குவது?

நீச்சலில் 2008ல் எல்இசட்ஆர் என்று ஸ்பீடோ நிறுவனத்தின் வேக நீச்சல் உடை வந்தது. சாதனைகள் வரிசையாக விழுந்ததும், 2010 தொடக்கத்திலிருந்து பாலியூரிதேன் உடைகளைத் தடை செய்தார்கள். ஓட்டத்தில் மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்?

#14 கேத்தி பாலிமர்
அடியோடு விட்டுவிடவில்லை சார். 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்யாவின் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40ல் ஓடினார். அது சாதனைக் கணக்கில் சேராத ஏற்பாட்டு ஓட்டம். மறுநாளே சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கேய் 2:14:04 ஓடி, பாலா ராட்கிளிஃபின் 2003ஆம் ஆண்டுப் பெண்கள் உலக சாதனையான 2:15:25ஐ உடைத்தார். அதன் பிறகுதான் உலக தடகள அமைப்பு 2020 ஜனவரி கடைசியில் விதி போட்டது. சாலை ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, தகடு ஒன்றுக்கு மேல் கூடாது, கடையில் யாரும் வாங்கும்படி விற்பனையில் இருக்க வேண்டும். தடகள மைதானத்தில் இன்னும் கறார்: 2024 நவம்பரிலிருந்து 20 மில்லிமீட்டர்தான்.

விதி வெறும் காகிதமும் இல்லை. 2021ல் வியன்னா மாரத்தானில் தேரரா ஹுரிசா முதலாவதாக வந்தார். அடிப்பாகம் 50 மில்லிமீட்டர் என்று தெரிந்ததும் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். பயிற்சிக்கான ஷூவைப் பந்தயத்துக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், பாவம்.

#15 கோத்தகிரி பி.டி.
"கடையில் யாரும் வாங்கும்படி." இதில்தான் சார் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2023ல் அடிடாஸ் ஒரு ஷூ விட்டது, அடியோஸ் ப்ரோ ஈவோ 1. எடை 138 கிராம். விலை 500 டாலர். முதலில் விற்றதே 521 ஜோடிதான், ஒரு மாரத்தானும் அதற்குக் கொஞ்சம் பழகிக்கொள்ளும் தூரமும்தான் அதன் ஆயுள் என்று அவர்களே சொன்னார்கள். டிகிஸ்ட் அசெஃபா அதைப் போட்டுக்கொண்டு பெர்லினில் 2:11:53 ஓடினார். பழைய பெண்கள் உலக சாதனையைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு. உலகம் முழுவதற்கும் 521 ஜோடி. இது யாரும் வாங்கக்கூடியதா?

நுரையின் உயரத்துக்கு விதி இருக்கிறது. விலையின் உயரத்துக்கு இல்லை. பள்ளி, மாவட்ட அளவில் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பதினெட்டு வயதுக்குக் கீழே தகடு வேண்டாம். அளக்க ஒரு அடிக்கோல் போதும், ஒரு ஷூவை மடக்கிப் பார்த்தாலே தகடு தெரிந்துவிடும்.

#16 அருவங்காடு 42.2
சார், அப்படிப் பார்த்தால் நல்ல சாப்பாடு, நல்ல பயிற்சியாளர், கோவையில் செயற்கைத் தளம் எல்லாமே காசு உள்ளவனுக்குத்தான் முதலில். ஷூவை மட்டும் தடை செய்து என்ன ஆகப்போகிறது? ஊட்டியில் இந்திய நெடுந்தூர அணியினர் வந்து முகாம் போடுவதே இந்த உயரத்துக்காகத்தான். 2240 மீட்டர், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. உங்கள் மாணவிக்கு அது பிறந்ததிலிருந்து இலவசம். சென்னைப் பெண் இது நியாயமா என்று கேட்கலாமே?

#17 கோத்தகிரி பி.டி.
கேட்கட்டும். மலையில் பிறந்ததற்கு நாங்கள் பில் போட்டு வாங்கவில்லை. எங்கள் ஊரில் வந்து தங்கி ஓட அந்தப் பெண்ணுக்கும் தடை இல்லை. சாப்பாடு சரியில்லை என்றால் சத்துணவில் முட்டை கேட்கலாம், மைதானம் இல்லை என்றால் மனு கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறோம். ஷூவுக்கு யாரிடம் மனு கொடுப்பது? திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் நைக்கிக்கு ஷூ தயாராகிறது, வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் மாநிலத்துப் பெண் தைக்கும் பிராண்டை நம் மாநிலத்துப் பெண்ணே பந்தயத்தில் எட்டிப் பார்க்கத்தான் முடிகிறது. இதைச் சொன்னால் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்கிறார்கள்.

#18 கொடை ஏரிச்சுற்று
பி.டி. சார் பக்கம் நான். பெரியவர்கள் தங்கள் காசில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகள் பந்தயத்தில் தகடு தேவையே இல்லை. வளரும் காலுக்கு அவ்வளவு விறைப்பு நல்லதா என்று யாராவது மருத்துவப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#19 ஊட்டி பிசியோ
சொல்கிறேன், ஆனால் பயமுறுத்த விரும்பவில்லை. 2023ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது: கார்பன் தகடு ஷூ போட்ட ஐந்து விளையாட்டு வீரர்களுக்குப் பாதத்தின் நடுவில் உள்ள நேவிகுலார் எலும்பில் அழுத்த முறிவு வகைக் காயம். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த எலும்பு ரத்த ஓட்டம் குறைவான இடம், ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் எச்சரிக்கையாக இருப்பதில் தப்பில்லை.

ஷூ மாறினால் சுமை மாயமாக மறைவதில்லை, இடம் மாறுகிறது. அருவங்காடு நண்பருக்குத் தொடை வலி குறைந்தது உண்மையாகவே இருக்கும், பலர் அதையே சொல்கிறார்கள். ஆனால் நேற்று வாங்கிய ஷூவில் இன்று 30 கிலோமீட்டர் போகிறவர்கள்தான் அடுத்த வாரம் என் மேஜையில் படுக்கிறார்கள். வாரத்தில் ஒரு சிறிய வேகமான ஓட்டம், அதில் மட்டும் போட்டுப் பழகுங்கள். மற்ற நாள் பழைய ஷூ. வளரும் பிள்ளைகளுக்கு நான் தகடு சொல்லவே மாட்டேன். அவர்கள் பாதத்தின் தசை வேலை செய்து வலுவாக வேண்டிய வயது அது.

#20 நெறியாளர்
தள்ளுபடி விற்பனைக்கான இணைப்புகள் இரண்டு நீக்கப்பட்டன. "முதல் தர காப்பி, மூவாயிரம் ரூபாய்" என்று போட்டவருக்கு இது கடைசி எச்சரிக்கை. அந்தக் காப்பி ஷூவில் பெபாவும் கிடையாது, கார்பனும் கிடையாது. ஸ்டிக்கர் மட்டும்தான்.

#21 லவ்டேல் இறக்கம்
ஆயுள் பற்றி யாரும் பேசவில்லை. பெபா நுரை ஷூவையும் ஈவிஏ ஷூவையும் புதிதாகவும், 450 கிலோமீட்டர் தேய்ந்த பிறகும் ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறது. புதிதாக இருக்கும்போது பெபா முன்னால். தேய்ந்த பிறகு அந்த ஆதாயம் கரைந்துவிட்டது, ஈவிஏ பெரிதாக மாறவில்லை. நம் தார் ரோடு அந்த நுரையை என்ன பாடுபடுத்தும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இருபத்திரண்டாயிரம் ரூபாயை நானூறு கிலோமீட்டருக்குப் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு 55 ரூபாய். குன்னூரில் ஒரு கிலோமீட்டர் ஓடும் காசில் பஸ்ஸில் உட்கார்ந்து ஊட்டியே போய்விடலாம்.

#22 வெலிங்டன் ஓய்வு
இவ்வளவு பேசினோம், கேள்வி கேட்ட தம்பிக்கு ஒருவரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. சென்னையில் உன்னைப் படுக்க வைக்கப் போவது ஷூ இல்லை, புழுக்கம்.

நீ பழகுவது 1850 மீட்டர் உயரத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பும் குளிரில். ஜனவரி என்றாலும் கடற்கரைச் சாலையில் விடிந்த பிறகு வியர்வை காயவே காயாது. எங்கள் ரெஜிமெண்டில் நல்ல ஓட்டக்காரர்கள், இங்கே எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர்கள், சமவெளிப் போட்டிக்கு இறங்கியதும் பாதியில் சுருண்டதைப் பார்த்திருக்கிறேன். மூச்சு தாராளமாக இருக்கும். அந்தத் தாராளத்தை நம்பி முதல் பாதியில் வேகமாகப் போவார்கள். உடம்புச் சூடு ஏறினதும் முடிந்தது கதை.

டிசம்பர் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் இறங்கு. முதல் பஸ் பிடி. ஏழு மணிக்கு மேல் வெயிலில் நீண்ட ஓட்டம் ஓடு. தண்ணீரும் உப்பும் எவ்வளவு தேவை என்று அங்கே கண்டுபிடி. சமதளத்தில் ஒரே மாதிரி அடி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஓடுவதும் மலைக்காரன் காலுக்குப் புதிது, இங்கே ஒவ்வொரு வளைவிலும் தசை மாறி மாறி வேலை செய்துவிடும். பஸ் செலவையும் இட்லிச் செலவையும் சேர்த்தாலும் ஆயிரம் ரூபாய் தாண்டாது. அந்த ஆயிரம் ரூபாயில் உனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும் என்று நான் சொல்கிறேன். ஆய்வு எல்லாம் இல்லை, அனுபவம்.

#23 கேத்தி பாலிமர்
ஐயா சொல்வதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. பிகிலா விஷயத்தில் மட்டும் நம் வழக்கு நிலுவையில் இருக்கட்டும்.

#24 குன்னூர் காலடி
எல்லோருக்கும் நன்றி. மேட்டுப்பாளையம் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, முதல் ஞாயிறே போகிறேன். துணைக்கு யாராவது வந்தால் பேசிக்கொண்டே போகலாம்.

ஷூ விஷயத்தில் இப்படி யோசிக்கிறேன். தகடு வேண்டாம். தகடு இல்லாமல் பந்தய நுரையை மட்டும் வைத்து வரும் ஷூ இருக்கிறதே, அடிடாஸ் ஈவோ எஸ்எல் மாதிரி, அது விலையும் குறைவு, அடியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. சரியாக இருக்குமா? இல்லை, போன வருட மாடல் தகடு ஷூ தள்ளுபடியில் வரும்வரை காத்திருக்கலாமா?

#25 அருவங்காடு 42.2
ஈவோ எஸ்எல் நல்ல முடிவு, சென்னைக்குத் தாராளமாகப் போதும். கடையில் காலில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள், கோவைக்குப் போனாலும் பரவாயில்லை. நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும், நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். 2,500 ரூபாய்க்கு மேல் போகும் ஷூவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது விலையிலேயே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் என் தகட்டை விடமாட்டேன், அது வேறு விஷயம். மேட்டுப்பாளையத்துக்கு நானும் வருகிறேன், ஆனால் ஷிஃப்டு பார்த்துத்தான்.

#26 ஹட்டிப் பையன்
நானும் வருகிறேன். என்னிடம் இருப்பது டெகத்லான் ஷூ, அதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

ஒரு சந்தேகம். இந்த மழையில் என் ஷூ மூன்று நாளாகியும் காயவில்லை. அம்மா அடுப்புப் பக்கம் வைத்துவிட்டார்கள், அடி ஒரு பக்கம் பிரிந்து நிற்கிறது. விலை உயர்ந்த நுரை என்றால் இன்னும் மோசமாகுமா?

#27 கேத்தி பாலிமர்
எந்த நுரையாக இருந்தாலும் அடுப்பு, ஹீட்டர், ஹேர் டிரையர் எதுவும் கூடாது தம்பி. நுரையை ஒட்டும் பசை சூட்டில் இளகிவிடும், நுரையும் சுருங்கும். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை அட்டையை உருவி எடுத்துத் தனியாகக் காயப் போடு. ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி இறுக்கமாகத் திணி, இரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடும், எடுத்துவிட்டு வேறு திணி. படுக்கும் முன் இன்னொரு முறை மாற்று. ஃபேன் இருந்தால் அதற்கு நேரே வை. பிரிந்த இடத்தை ரப்பர் சிமெண்ட் வைத்து ஒட்டித் தரச் சொல்லி ஊட்டி மார்க்கெட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடு. ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க போடாதே.

#28 வெலிங்டன் ஓய்வு
ஞாயிறு முதல் பஸ்ஸுக்கு குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். யார் யார் வருகிறீர்கள் என்று சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும்.